பொங்கலுக்கு வீட்டோடு சேர்ந்து செய்யும் கைவேலைகள்: காகிதக் கதிரிலிருந்து சிறுவீடு வரை

பொங்கல் நன்றி சொல்லும் பண்டிகை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். சூரியனுக்கு நன்றி, மாட்டுக்கு நன்றி, உழவருக்கு நன்றி. பிள்ளையும் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடும். அந்த நன்றி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் நம்மிடமும் பதில் இருக்காது.

எங்கள் வீட்டில் சில வருஷங்களாகப் பொங்கலுக்குப் பத்து நாள் முன்பே கைவேலை தொடங்கிவிடும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். எதைச் செய்தாலும், இது யாருக்கு என்று முதலில் பேர் சொல்ல வேண்டும். பேர் சொன்ன பிறகுதான் கத்தரிக்கோல் கைக்கு வரும். அலமாரியில் அழகுக்கு வைக்கும் பொருளாகச் செய்தால் பிள்ளைகளின் ஆர்வம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. பால்காரருக்கு, ஆயாவுக்கு, எறும்புக்கு, மாட்டுக்கு என்று ஆள் இருந்தால் அதே பிள்ளை ராத்திரி தூக்கத்தையும் மறந்து உட்கார்ந்து ஒட்டுகிறது.

தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-ல் வரும். அதனால் ஜனவரி 4 வாக்கில் தொடங்குங்கள். கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டியதில்லை. முதல் வருஷம் என்றால் கதிர், அட்டை, பானை மூன்றும் போதும். நேரமும் இடமும் இருக்கிற வீடு சிறுவீட்டையும் கட்டிப் பார்க்கலாம்.

காகித நெற்கதிர்

மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. யாருக்கு நன்றி சொல்லப் போகிறோம் என்ற பட்டியலே இந்தக் கதிர்.

வேண்டியவை: பழுப்பு நிறக் காகித உறைகள் (கூரியரில் வந்தவை, மளிகைக் கடைப் பை எதுவானாலும் சரி), தென்னை ஈர்க்கு ஐந்தாறு, மைதாப் பசை, தடித்த நூல்.

1. ஈர்க்குகளைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். ஊறினால்தான் ஒடியாமல் வளையும்.

2. காகிதத்தை 7 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையையும் நெல் மணி போலக் கூராக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணியை அட்டையில் வெட்டிக் கொடுத்தால் அதை வைத்து வரைந்து வெட்டிக்கொள்வார்கள்.

3. தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு மணியில் எழுத வேண்டும். யார், என்ன செய்தார், அவ்வளவுதான். ஒரு தடவை வந்த பேர் மறுபடி வரக் கூடாது.

4. எழுதியதை நீளவாக்கில் மடித்து, அடிக் கூரில் மட்டும் பசை தொட்டு, ஈர்க்கின் நுனியிலிருந்து வலது ஒன்று, இடது ஒன்றாக மாற்றி மாற்றி ஒட்டுங்கள். மடிப்பின் வாய் திறந்தே இருக்கட்டும், பிரித்துப் படிக்க வேண்டுமே.

5. ஒரு ஈர்க்கில் 10 மணி. நாலு பேர் உள்ள வீட்டில் பத்து நாளில் நாலு ஈர்க்கு நிறையும். எல்லாவற்றையும் சேர்த்து அடியில் நூலால் சுற்றிக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் மணி கனத்தில் கதிர் தானாகத் தலை சாயும்.

மூன்றாவது படியில்தான் நிஜமான வேலை இருக்கிறது. முதல் இரண்டு நாள் அம்மா, அப்பா, பாட்டி, டீச்சர் என்று சுலபமாக ஓடிவிடும். மூன்றாம் நாள் பிள்ளை பேனாவை வைத்துக்கொண்டு முழிக்கும். அப்போது தட்டில் மிச்சம் இருக்கும் ஒரு பருக்கையைக் காட்டி, இது இங்கே எப்படி வந்தது என்று பின்னோக்கிக் கேளுங்கள். வடித்தது யார், மூட்டையை மாடிக்குத் தூக்கி வந்தது யார், லாரி ஓட்டியது யார், அரைத்தது யார், அறுத்தது, களை எடுத்தது, நாற்று நட்டது யார். ஒரு பருக்கையிலேயே பத்துப் பேர் வந்துவிடுவார்கள். நிஜ நெற்கதிர் ஒன்றில் நூறு மணிக்கு மேலேயே இருக்கும் என்று சொன்னதும் எங்கள் வீட்டுச் சின்னது, “அப்போ நமக்கும் நூறு பேர் வேணும்” என்று ஒற்றைக் காலில் நின்றது. அந்த வருஷம் கூடுதலாக ஆறு ஈர்க்கு தேவைப்பட்டது.

பேர் தெரியாதவர்களையும் எழுதலாம். “ஐப்பசி மழையில் அப்பா வண்டி நின்னப்போ தள்ளிவிட்ட நீலச் சட்டை மாமா” என்று எழுதினால் போதும்.

வாழ்த்து அட்டை

பொங்கல் வாழ்த்து அட்டைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கரும்பும் பானையும் சூரியனும் போட்ட அந்த அட்டைகளைக் கடையில் வாங்குவது குறைந்துவிட்டது. கையால் செய்துவிடலாம்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல காகிதம் கிடையாது. தடிமனாக இருக்கும், மடித்தால் விறைப்பாக நிற்கும், உள்பக்கமோ பின்பக்கமோ எழுத்தே இருக்காது. சாமி படம் அச்சிட்ட பக்கத்தை வெட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள். 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம் வெட்டி நடுவில் மடித்தால் கைக்கு அடக்கமான அட்டை. மடிக்கும் கோட்டில் ஸ்கேலை வைத்து, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஒரு அழுத்தம் கொடுத்துவிட்டு மடியுங்கள். காகிதம் வெடிக்காது.

படத்துக்கு வரையத் தெரிய வேண்டாம், சமையலறைக் காய்கறி போதும். வெங்காயத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி அச்சு வைத்தால் வட்டத்துக்குள் வட்டமாக வரும். அதுதான் சூரியன். சுற்றிலும் கதிர்களைப் பிள்ளை விரலால் இழுத்துக்கொள்ளும். வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. கரும்புக்கு ஐஸ் குச்சியின் விளிம்பைச் சாயத்தில் தொட்டுக் கணுக் கணுவாக வைத்துக்கொண்டே போகலாம்.

ஒரு விஷயம் மறக்காதீர்கள். வெட்டிய வெங்காயத்தை உடனே சாயத்தில் முக்கினால் அதன் நீர் சாயத்தோடு கலந்து அச்சு வழிந்துவிடும். வெட்டிய பக்கத்தை ஒரு பருத்தித் துணியில் பத்து நிமிஷம் கவிழ்த்து வையுங்கள். சாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றாமல், நனைத்துப் பிழிந்த துணி மடிப்பின் மேல் பரப்பி, முத்திரை மை போலத் தொட்டுத் தொட்டு வைத்தால் வளையங்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழும்.

உள்ளே என்ன எழுதுவது? “இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்” என்று மட்டும் எழுதிய அட்டை யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அதனாலேயே யார் மனசிலும் தங்காது. மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் இதைச் செய்தீர்கள், இந்த நாளில் செய்தீர்கள், அதனால் எங்களுக்கு இது நடந்தது. கதிரில் இருக்கும் மணியைப் பிரித்துப் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே இருக்கும். காலையில் பால் போடுகிறவருக்கு எங்கள் பெண் எழுதியது இது:

“அண்ணா, தீபாவளிக்கு அப்புறம் மூணு நாள் விடாம மழை பெஞ்சுச்சுல்ல. அப்ப நீங்க பால் பாக்கெட்டை இன்னொரு கவர்ல சுத்தி, கதவுக் கம்பியில உயரமா மாட்டிட்டுப் போனீங்க. கீழே தண்ணி நின்னும் பால் நனையல. நான் பால் குடிச்சிட்டுத்தான் பரீட்சைக்குப் போனேன்.”

எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி எழுத வைக்காதீர்கள். பிள்ளை கையெழுத்தில், பிள்ளை மொழியில் போகட்டும். வெளியூருக்கு அனுப்பும் அட்டைகளை ஜனவரி 7-க்குள் தபாலில் போட்டுவிடுங்கள். உள்ளூர் அட்டைகள் காணும் பொங்கல் வரை காத்திருக்கட்டும்.

போகிக்குக் கழித்ததும், காப்புக் கட்டும்

போகியன்று பழையதைக் கழிப்பது நல்ல வழக்கம், கொளுத்துவதில்தான் தொல்லை. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை மார்கழிப் பனியோடு சேர்ந்து நின்று, சென்னையில் விமானங்களே தாமதமான போகிகள் உண்டு. கழித்த பொருளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: யாருக்காவது பயன்படுவது, கைவேலைக்கு ஆவது, பழைய பொருள் வாங்குகிறவருக்குப் போவது. பழைய நாள்காட்டித் தாள், சேலைக் கரை, உடைந்த வளையல், பொத்தான் எல்லாம் இரண்டாவது குவியல். வளையல் துண்டு மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

அன்று மாலைக்கு ஒரு சின்ன வேலை, காப்பு. கொங்குப் பகுதியிலும் வேறு சில மாவட்டங்களிலும் போகியன்று வீட்டுக் கூரையிலும் வாசலிலும் தொழுவத்திலும் வயலிலும் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றும் முக்கியம். சில ஊர்களில் மாவிலையும் சேரும். சிறுபீளையைப் பூளைப்பூ, கூரைப்பூ, பொங்கப்பூ என்று ஊருக்கு ஒரு பேரில் சொல்வார்கள். வெள்ளைப் பஞ்சை உருட்டித் தண்டில் ஒட்டினாற்போல இருக்கும் அந்தப் பூவைப் பிள்ளையின் கன்னத்தில் ஒரு முறை தடவிக் காட்டுங்கள், அப்புறம் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லும்.

வேப்பங்கொத்தை அடியில் வைத்து, அதன்மேல் ஆவாரம், எல்லாவற்றுக்கும் மேலே சிறுபீளை என்று ஒரு சாண் நீளத்துக்கு அடுக்கி, நனைத்த வாழை நாரால் அடியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். காய்ந்த நார் முறியும். செடியைப் பிடுங்காமல் கொத்தை மட்டும் ஒடிக்க வேண்டும். ஒடிக்கும்போது பிள்ளை செடியிடம் சொல்லிவிட்டு ஒடித்தால் தடுக்காதீர்கள்.

பானை அலங்காரம்

முதல் வருஷம் நாங்கள் பானை முழுக்கக் கடைப் பெயின்ட் அடித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுப்பில் ஏற்றிய கால் மணி நேரத்தில் பெயின்ட் கருகி, பொங்கலில் அந்த வாடை ஏறிவிட்டது. பிள்ளைகள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதனால் அழுத்தமாகச் சொல்கிறேன்: அடுப்பில் ஏறும் பானைக்கு அரிசி மாவு, மஞ்சள், காவி, சுண்ணாம்பு தவிர வேறு எதுவும் வேண்டாம். பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டால் சமைக்காத வேறொரு சின்னப் பானையில் அடித்து வாசலில் வையுங்கள்.

பானையை வாங்கும்போதே பிள்ளையைக் கூட்டிப் போங்கள். விரல் கணுவால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. முடிந்தால் குயவர் வீட்டிலேயே வாங்கி, அவர் பேரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், அன்றைய ராத்திரி மணியில் எழுத.

பானையைப் பழக்குவது நாலு நாள் வேலை. முதல் நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மறுநாள் நிழலில் காயட்டும். மூன்றாம் நாள் அரிசி கழுவிய தண்ணீரை முக்கால் பானை ஊற்றி, மெல்லிய தீயில் கொதிக்க விட்டு, அடுப்பிலேயே ஆற விடுங்கள். நாலாம் நாளும் அப்படியே. புதுப்பானையை நேராகப் பெருந்தீயில் வைத்தால் வெடித்துவிடும்.

வண்ணங்களை இப்படிச் செய்துகொள்ளலாம்.

வெள்ளைக்கு: ஊறவைத்த பச்சரிசியை மழமழவென்று அரைத்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு இதைவிடப் பளிச்சென்று வரும், ஆனால் தோலைப் பொத்துவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் பெரியவர்கள்தான் பூச வேண்டும்.

மஞ்சளுக்கு: மஞ்சள் தூளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் போதும்.

சிவப்புக்கு: காவிப் பொடி அல்லது சலித்த செம்மண்.

இங்கே ஒரு வேடிக்கை காட்டலாம். ஒரு தட்டில் மஞ்சள் கரைசலை ஊற்றி, ஈர்க்கு நுனியில் மிளகளவு சுண்ணாம்பு எடுத்து அதில் தொடுங்கள். தொட்ட இடத்தில் ரத்தச் சிவப்பு கிளம்பி வட்டமாகப் பரவும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். இந்தச் சிவப்பு பானையில் காய்ந்தால் மங்கிவிடும் என்பதால் பூசுவதற்குக் காவியே நல்லது. ஆனால் அந்த வட்டம் பரவுவதைப் பார்த்த பிள்ளை பானையை விட்டு நகராது.

தூரிகைக்கு வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கிக்கொள்ளுங்கள். பானையின் கழுத்திலிருந்து தோள்வரைதான் படம். கீழ்ப்பாதி எப்படியும் கரி பிடித்துவிடும், அங்கே உழைப்பை வீணாக்க வேண்டாம். முதலில் கழுத்தைச் சுற்றி மூன்று வெள்ளைப் பட்டை, காய்ந்ததும் அதன் மேல் மஞ்சளும் காவியுமாகப் பொட்டு. முன்பக்கம் சூரியன், பின்பக்கம் பிள்ளையின் விருப்பம். எங்கள் வீட்டுப் பானையின் பின்பக்கம் ஒரு வருஷம் தண்ணீர் லாரியே நின்றது. கோடையில் அந்த லாரி வந்த நாட்களைப் பிள்ளை மறக்கவில்லை.

மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் பொங்கலன்று காலையில், அடுப்பில் ஏற்றுவதற்கு முன் கட்டுங்கள். கழுத்தை ஒட்டி உயரத்தில் கட்டினால் இலை தீயில் கருகாது.

வாசலுக்கு

கோலத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு 7 புள்ளி வைத்து இடுக்குப் புள்ளியாக 4 வரை கொண்டுவரும் கோலம் சரியாக இருக்கும். மொத்தம் 37 புள்ளி. வைத்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள், ஒன்று குறைந்தால் எங்கே விட்டது என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. அன்றைக்கு மட்டுமாவது கல் மாவை விட்டுப் பச்சரிசி மாவில் போடுங்கள். இந்தக் கோலம் எறும்புக்கு. மத்தியானம் வந்து பார்த்தால் ஒரு இழை காணாமல் போயிருக்கும்.

தோரணத்துக்குத் தென்னங்குருத்து நல்லது. மடிக்கும் முறையில் மங்கலத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று என்று வித்தியாசம் உண்டு. அதனால் இதை வீடியோ பார்த்துச் செய்யாமல் தெருவில் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் பிள்ளையை அனுப்பிக் கற்றுவரச் சொல்லுங்கள்.

சந்தையில் நிஜ நெற்கதிர்க் கட்டுக் கிடைத்தால் ஒரு பிடி வாங்கி, அடியைப் பின்னிக் குஞ்சமாக்கி, குருவி உட்கார வசதியாகக் குறுக்கே ஒரு குச்சி செருகி, மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள். அதற்கு வேறு அலங்காரம் தேவையில்லை.

மாட்டுக்கு மாலை

வீட்டில் மாடு இல்லாதவர்கள் களிமண்ணில் ஒன்று செய்துகொள்ளலாம். உடலுக்கு ஒரு உருண்டை, தலைக்கு ஒன்று, காலுக்கு நாலு உருளை. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் ஈர்க்கால் கீறி, சேறாகக் கரைத்த களிமண்ணைத் தடவி அழுத்துங்கள். கீறாமல் ஒட்டினால் காய்ந்ததும் கால் தனியே வந்துவிடும். கொம்பைச் சற்றுத் தடிமனாகவே வையுங்கள். நிழலில் மூன்று நாள் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும்.

இந்த மாட்டுக்கு நாள்காட்டித் தாளில் மணி மாலை அழகாக இருக்கும். அடியில் 2 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் நீண்ட முக்கோணமாக வெட்டி, அகலப் பக்கத்திலிருந்து ஈர்க்கின் மேல் இறுக்கிச் சுருட்டி, நுனியில் பசை வைத்து, ஈர்க்கை உருவிவிடுங்கள். நடுவில் பருத்து இருபுறமும் மெலிந்த மணி கிடைக்கும். தஞ்சை, கும்பகோணம் பக்கம் இருப்பவர்கள் நெட்டி மாலையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குளம் குட்டைகளில் வளரும் நெட்டித் தண்டின் வெள்ளைச் சோற்றை, அதாவது உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியை, சீவிச் செய்வது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நிஜ மாட்டுக்குப் போடும் மாலைக்கு வேறு சட்டம். மாடு தன் கழுத்து மாலையையும் பக்கத்து மாட்டின் மாலையையும் தின்றுவிடும். ஆகவே குண்டூசி, கம்பி, ஜிகினா, தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ எதுவும் கூடாது. வாழை நாரில் வேப்பிலை, ஆவாரம்பூ, கரும்புத் துண்டு, வாழைப்பழம் என்று கட்டுங்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டு போங்கள். கழுத்தில் போடும்போது அவர் கூட இருக்க வேண்டும்.

சிறுவீடு

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாண உருண்டை பிடித்துப் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். அந்தப் பூவையும் சாணத்தையும் சேர்த்து எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தையில் முற்றத்திலோ வாசலிலோ பெண் பிள்ளைகளுக்காக மண்ணால் சின்னதாக ஒரு வீடு எழும்பும். அதன் முன்னால் சின்னப் பானையில் அவர்கள் பொங்கலிடுவார்கள். பிறகு பூ எருவையெல்லாம் ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். நாளும் முறையும் ஊருக்கு ஊர் மாறும்.

முற்றம் இல்லாத வீட்டிலும் ஒரு பலகை மேல் இதைக் கட்டலாம். ஆண் பிள்ளைகளும் சேர்ந்தே கட்டட்டும். இந்த வீடு யாருக்கு என்ற கேள்விக்குப் பதில்: நம் வீட்டை நடத்துகிறவர்களுக்கு.

பலகை 45-க்கு 60 செ.மீ. இருந்தால் போதும். அடியில் பழைய தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். களிமண்ணைச் சலித்து, கல் எடுத்து, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு ராத்திரி மூடி வையுங்கள்.

செங்கல் அச்சுக்குத் தீப்பெட்டியின் உள் தட்டுத்தான். உள்ளே சாம்பலோ உலர்ந்த மண்ணோ தூவி, களிமண்ணை அமுக்கி, மேலே ஸ்கேலால் வழித்துவிட்டு, கவிழ்த்துத் தட்டினால் சின்னச் செங்கல் விழும். அட்டைத் தட்டு ஈரத்தில் ஊறிப்போகும், அதனால் ஏழெட்டுத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். 30-க்கு 40 செ.மீ. வீட்டின் வெளிச்சுவரை மட்டும் நாலு வரிசை உயரம் எழுப்ப ஏறக்குறைய 100 செங்கல் வேண்டும். முதல் நாள் முழுக்கச் செங்கல் அறுப்பதுதான் வேலை. எங்கள் பையன் அறுபதாவது செங்கல்லில் கை வலிக்கிறது என்று நிறுத்தினான். சூளையில் வேலை செய்கிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை அறுப்பார்கள் என்று அவனாகவே கேட்டான். அன்றைய மணி யாருக்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள், பாதி காய்ந்த செங்கல்லைச் சேற்றுக் களிமண் வைத்து அடுக்குங்கள். கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வரக் கூடாது. வாசலுக்கு இரண்டு செங்கல் அகலம் விடுங்கள். உள்ளே குறுக்கே ஒரு சுவர் எழுப்பிச் சமையலறையைப் பிரித்துவிடுங்கள், அங்கே மூன்று உருண்டையில் அடுப்பு. கூரை வேண்டாம், மேலிருந்து பார்க்கும் வீடு இது. மூன்றாம் நாள் உள்ளும் புறமும் களிமண் கரைசலைத் துணியால் மெழுகி, வாசலில் ஈர்க்கு நுனியால் மாக்கோலம்.

அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்லாமல் இருங்கள். வீட்டுக்குள் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் செய்து வைக்கட்டும். எங்கள் வீட்டில் பாட்டியைச் சமையலறையில் வைக்காமல் ஜன்னலோரம் படுக்க வைத்து, பக்கத்தில் விரல் நகமளவு ரேடியோ ஒன்றைச் செய்து வைத்தார்கள். “பாட்டிக்கு இன்னைக்கு லீவு.” பாட்டி வெகுநேரம் அந்தப் பலகை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

பலகை மேல் தீ மூட்ட வேண்டாம். அடுப்பில் செய்த பொங்கலைச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து சிறுவீட்டு வாசலில் வைத்தால் போதும். சுடாத களிமண் என்பதால் தண்ணீரில் கரைந்துவிடும். ஆறு இல்லாத ஊரில் செடித் தொட்டிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுங்கள்.

காணும் பொங்கல்: அறுவடை

காணும் பொங்கலன்று காலையில் காகிதக் கதிரை இறக்குங்கள். பிள்ளைகள் ஒவ்வொரு மணியாகப் பிரித்துப் படித்து, அட்டையோடு சேர்த்து, யாரை நடந்துபோய்ப் பார்க்கலாம், யாருக்கு வண்டி வேண்டும் என்று பிரித்துக்கொள்ளட்டும். அட்டையைக் கொடுப்பது பிள்ளைதான், நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். வாங்குகிறவரிடம் பிள்ளைக்காக நீங்கள் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். சிலர் அங்கேயே படிப்பார்கள், சிலர் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். படிக்கத் தெரியாதவர் என்று தெரிந்தால் பிள்ளை வாசித்துக் காட்டலாம். போகும்போது ஒரு பையில் கரும்புத் துண்டும் பொங்கலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் காலில் விழுந்தால் கையில் காசு வரும், அதை என்ன செய்வது என்று வீட்டிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது கதிரில் சில மணிகள் மிச்சம் இருக்கும். நீலச் சட்டை மாமா, லாரி ஓட்டுநர், நாற்று நட்டவர். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அவற்றைப் பிய்க்காமல் அப்படியே மறுபடி வாசலில் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டு நிலைப்படிக்கு மேல் மூன்று வருஷத்து ஈர்க்குகள் இருக்கின்றன. போன மாசம் நீலச் சட்டை மாமாவைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்ததாகச் சின்னது மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னது.